வலி பரவினால் மாத்திரை தேடாதீர்கள்

கேள்வி: வயது 58, சர்க்கரை உண்டு. மூன்று மாதத்துக்கு முன்பு இடப்பக்க அடிவயிற்றில் வலி, காய்ச்சல். சி.டி. ஸ்கேனில் டைவர்டிகுலைடிஸ் (பெருங்குடல் சுவரில் உண்டான சிறு பிதுக்கங்களில் வரும் அழற்சி), 2 செ.மீ. சீழ்க்கட்டி என்று வந்தது. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் ஊசி போட்டுச் சரியானது. இப்போது வலித்தால் டைக்ளோஃபெனாக் போட்டுக்கொள்கிறேன். மீந்த ஆன்டிபயாடிக்கும் கைவசம் இருக்கிறது. கொய்யா, தக்காளியை விட்டுவிட்டேன். அடுத்த முறை வந்தால் குடல் வெடிக்கும், வயிற்றில் மலம் சேரும் பை மாட்டுவார்கள் என்று இணையத்தில் படித்தேன். புற்றுநோயாக இருக்குமோ?
– வாசகர், கரூர்

பதில்: உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அந்தப் பைதான். முறைக்கு முறை வெடிக்கும் அபாயம் ஏறும் என்பது பழைய கணக்கு. குடலில் ஓட்டை விழுந்து வருபவர்களில் பெரும்பாலோருக்கு அதுவே முதல் தாக்குதலாக இருக்கிறது. இரண்டு முறை வந்தாலே குடலை வெட்டிவிடும் வழக்கமும் இப்போது இல்லை. ஆனால் உங்களுக்குச் சீழ் கட்டியிருக்கிறது. திரும்ப வர வாய்ப்பு அதிகம். அதனால் குடல் அறுவை மருத்துவரை ஒருமுறை பாருங்கள். திட்டமிட்டுச் செய்யும் ஆபரேஷனில் கெட்ட பகுதியை எடுத்துவிட்டு இரு முனைகளையும் அப்போதே இணைத்துவிடலாம், பெரும்பாலும் பை வேண்டியிருக்காது. மலம் வயிற்றறைக்குள் கொட்டி, ரத்த அழுத்தம் சரிந்த நிலையில் வருபவருக்குத்தான் ஹார்ட்மன் ஆபரேஷன் செய்து, குடலின் மேல்முனையை வயிற்றுத் தோல் வழியே வெளியே எடுத்துப் பை மாட்ட வேண்டிவரும். சில மாதம் கழித்துத் திரும்ப இணைக்கலாம். எல்லோருக்கும் அது முடிவதில்லை.

ஆகவே நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: ஓர் இடத்தில் இருந்த வலி வயிறு முழுக்கப் பரவுகிறதா? குடல் பிதுக்கத்தின் சுவரில் தசை அடுக்கு கிடையாது, மெல்லிய சவ்வுதான். அது கிழிந்து சீழோ மலமோ கசிந்தால் வயிற்றின் உள்சவ்வு முழுக்க அழற்சி கொள்ளும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, ஒருமுறை இருமிப் பாருங்கள். வயிறு முழுக்கச் சுருக்கென்று குத்தினால், தொட்டால் பலகை மாதிரி விறைத்திருந்தால், தாமதிக்க நேரமில்லை. ஆட்டோ வேகத்தடையில் ஏறி இறங்கும்போது உயிர் போகிறது என்பார்கள், அதுவும் இதே அறிகுறிதான். இன்னொரு ஏமாற்றும் உண்டு. சீழ்க்கட்டி உடைந்ததும் சிலருக்கு வலி சட்டென்று குறையும், சில மணி நேரத்தில் இரட்டிப்பாகத் திரும்பும். அந்த இடைவெளியில் 'விட்டுவிட்டது' என்று படுத்துவிடாதீர்கள். காய்ச்சல் இல்லையே என்றும் சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள்; சர்க்கரை உள்ளவருக்கும், வயதானவருக்கும், ஸ்டீராய்டு எடுப்பவருக்கும் காய்ச்சல் வராமலேயே போகலாம். நாடி நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டுவதும் சிறுநீர் குறைவதும் அதைவிட நம்பகமானவை.

டைக்ளோஃபெனாக்கை இன்றே நிறுத்துங்கள். இப்யூப்ரோஃபென் வகையறாவும் அப்படித்தான். குடல் சவ்வின் பாதுகாப்பைக் குறைத்து ஓட்டை விழும் அபாயத்தைக் கூட்டுபவை இவை. போதாக்குறைக்கு, நான் மேலே சொன்ன வலியையும் மறைத்துவிடும். வலிக்குப் பாராசிட்டமால் போதும், அதையும் காய்ச்சல் பார்த்துக் குறித்த பிறகு போடுங்கள். இதயத்துக்கு ஆஸ்பிரின் எடுப்பவராக இருந்தால் அதை நீங்களாக நிறுத்தக் கூடாது. மீந்த ஆன்டிபயாடிக்கைத் தூக்கிப் போடுங்கள். அரைகுறையாகச் சாப்பிட்டால் காய்ச்சல் அமுங்கும், சீழ் உள்ளே வளரும். வலி நேரத்தில் விளக்கெண்ணெய், எனிமா, எண்ணெய் தேய்த்து வயிற்றை உருவிவிடுவது எதுவும் கூடாது. வாயு என்று நினைத்து உருவிவிட்டுவிட்டு, மறுநாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நிற்பது நடக்கிற விஷயம்தான்.

ஆஸ்பத்திரியில் முதலில் வாய்வழி உணவை நிறுத்தி, சிரை வழியாகத் திரவமும் ஆன்டிபயாடிக்கும் ஏற்றுவார்கள், சி.டி. எடுப்பார்கள். 3 செ.மீ.க்குக் குறைந்த கட்டி பெரும்பாலும் மருந்திலேயே அடங்கும். அதைவிடப் பெரிதானால் ஸ்கேன் பார்த்தபடியே தோல் வழியாகக் குழாய் செருகிச் சீழை வடிப்பார்கள். சீழோ மலமோ வயிறு முழுக்கப் பரவியிருந்தால் ஆபரேஷன்தான்.

கொய்யா, தக்காளி விதைகள் பிதுக்கத்தில் சிக்கிக்கொள்ளும் என்பது வெறும் ஊகம். 2008-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு கொட்டைகள், சோளப்பொரியைப் பார்த்து, அவை இந்த நோயின் அபாயத்தைக் கூட்டவில்லை என்றது. சர்க்கரைக் கணக்கைப் பார்த்துச் சாப்பிடுங்கள். மலம் கழித்தால் விட்டுவிடும் லேசான பிடிப்புக்கும் பயப்பட வேண்டாம். சிறுநீரில் காற்றுக் குமிழி வந்தால் மட்டும் சொல்லுங்கள், குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே வழி விழுந்திருக்கலாம்.

புற்றுநோய் என்று நினைக்க உங்கள் கடிதத்தில் எதுவும் இல்லை. ஆனால் அழற்சியில் தடித்த குடலும் புற்றுக்கட்டியும் ஸ்கேனில் ஒன்றுபோலத் தெரியலாம். அதனால் சீழ் கட்டியவர்களுக்கு ஆறு முதல் எட்டு வாரம் கழித்துக் கொலனோஸ்கோப்பி (கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலின் உள்ளே பார்ப்பது) செய்ய வேண்டும். உங்களுக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது. இந்த வாரமே நேரம் வாங்குங்கள். குடலைச் சுத்தம் செய்யும் மருந்து குடிக்கும் நாளில் சர்க்கரை மாத்திரையை, இன்சுலினை எப்படிக் குறைப்பது என்றும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவேளை அதற்குள் வலி திரும்பினால் இந்தப் பரிசோதனையைத் தள்ளிவையுங்கள். அழற்சியில் இருக்கும் குடலுக்குள் காற்றைச் செலுத்துவது ஆபத்து.