கடற்கரை ஜீப்புக்கு ஒன்றரை லட்சம்: முதல் செலவு எதில்?

கேள்வி: வாலிநோக்கம் பக்கம் இருக்கிறேன். 2012 மாடல் மஹிந்திரா தார், டீசல் சி.ஆர்.டி.இ. நான்கு வருடத்துக்கு முன்னால் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். தினமும் பிள்ளைகளைக் கீழக்கரையில் பள்ளிக்கூடத்தில் விட்டு, மனைவியை ராமநாதபுரத்தில் இறக்கிவிட்டு வருகிறேன். அப்புறம் மீன் கரைக்கும், சாயல்குடிப் பக்கம் தேரியில் (செம்மணல் மேட்டில்) இருக்கும் பனங்காட்டுக்கும் இதே வண்டிதான். கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் பாகங்கள்), பெரிய மட் டயர், எல்.இ.டி. பார், வின்ச் (சிக்கிய வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கும் மோட்டார்) போடச் சொல்கிறார்கள். எதைப் போடலாம்? இல்லை, வண்டியையே விற்றுவிடலாமா?

பதில்: அந்த நான்கில் எதையும் இப்போது வாங்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளிச்சம் நன்றாக இருக்கும்போது, ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரையும் சின்னச் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுங்கள். பின்பக்க ஸ்பிரிங் பட்டை சேசிஸில் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தில்) மாட்டியிருக்கும் இடம், ஸ்டீயரிங் பாக்ஸ் போல்ட் ஏறும் இடம், பாடி உட்காரும் மவுண்ட்கள், பின் சக்கர வளைவின் உள்பக்கம் எல்லாவற்றையும் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும். உளுத்த இரும்பு ஈரப் பலகையைத் தட்டியது போல 'தொப்' என்று கேட்கும். அப்படிக் கேட்ட இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்திப் பாருங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. நம் கரையில் ஒரு ஜீப்பைப் பார்த்தேன். வெளியில் பளபளவென்று இருந்தது, அடியில் முழுக்கக் கறுப்பு ரப்பர் கோட்டிங். உரிமையாளருக்கு அதில் ஒரே பெருமை. பின் ஸ்பிரிங் பட்டையைச் சேசிஸோடு கோக்கும் ஷாக்கிளுக்குப் பக்கத்தில் அழுத்தினேன், ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. துருவைச் சுரண்டாமல் மேலேயே கோட்டிங் அடித்திருந்தார்கள். ஈரமும் உப்பும் உள்ளே மாட்டிக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் தின்றிருக்கின்றன.

உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தைத் தானாக இழுத்துக்கொள்ளும். ஊரே காய்ந்து கிடந்தாலும், உப்புப் படிந்த சேசிஸ் நம் கரையில் இரவெல்லாம் ஈரமாகவே இருக்கும். அதனால், 'நான் கடல் தண்ணீரில் இறக்கவே இல்லையே' என்று நிம்மதியாக இருக்க முடியாது. வீடு கரையில் இருந்தால் காற்றே போதும். அதிலும் சேசிஸ் என்பது உள்ளே கூடாக இருக்கும் பெட்டி இரும்பு. மணலும் சேறும் உள்ளே போய், தண்ணீர் வடிய விட்ட ஓட்டைகளை அடைத்துக்கொள்ளும். அந்த ஓட்டைகளை ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். செலவே இல்லாத வேலை, ஆனால் பலரும் செய்வதில்லை.

கழுவுவதிலும் நம் மாவட்டத்துக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. பல ஊர்களில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும். உப்பைக் கழுவ உப்புத் தண்ணீரையே அடித்தால் என்ன பயன்? வாட்டர் வாஷுக்கு விடும்போது அங்கே என்ன தண்ணீர் என்று கேளுங்கள். ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் தெரிந்துவிடும். வீட்டில் என்றால், காவிரிக் குடிநீரோ மழைத் தண்ணீரோ நான்கு குடம் போதும். பாடியை விடுங்கள், அடிப்பாகத்தை மட்டும் கையால் பீய்ச்சும் ஸ்பிரே பம்ப்பில் கழுவுங்கள். வாரம் ஒரு முறை, ஈர மணலில் ஓட்டிய நாளென்றால் அன்றைக்கே.

துருவுக்கு முறையான வேலை இதுதான். முதலில் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவிக் காயவிடுங்கள். அப்புறம் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த ரஸ்ட் கன்வெர்ட்டர் பூசி, எபாக்ஸி பிரைமர் அடித்து, அதன் மேல் பெயின்ட். பெட்டி இரும்பின் உள்ளே நீளக் குழாய் வைத்து மெழுகு ஸ்பிரே அடிக்க வேண்டும். மழைக்காலம் வருவதற்குள், வெயில் ஏறிய நேரத்தில் செய்யச் சொல்லுங்கள். சாயங்காலக் கடல்காற்றில் பெயின்ட் அடித்தால் உப்பையும் சேர்த்து மூடிவிடுவார்கள். பழைய என்ஜின் ஆயிலை அடியில் பூசும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அது ரப்பர் புஷ்களைக் கெடுக்கும், மணலையும் ஒட்டவைக்கும். வேண்டாம்.

அடுத்தது பிரேக். உங்கள் 2012 தாரில் ஏ.பி.எஸ். (அழுத்தி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) கிடையாது, ஏர்பேக்கும் கிடையாது. தினமும் பிள்ளைகள் ஏறும் வண்டி என்பதால் இதில் ஒரு ரூபாய்கூட மிச்சம் பிடிக்காதீர்கள். சேசிஸை ஒட்டிப் போகும் இரும்பு பிரேக் பைப், கிளிப் பிடித்திருக்கும் இடத்தில்தான் முதலில் உளுக்கும். ஒருமுறை என் சொந்த ஜீப்பில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாடு குறுக்கே வந்தபோது மிதித்தேன், பெடல் தரை வரை போய்விட்டது. மாடு நகர்ந்ததால் பிழைத்தோம், நானும் அதுவும். இறங்கிப் பார்த்தால், கிளிப்புக்கு அடியில் ஊசிமுனை அளவு ஓட்டை. அன்றே எல்லாப் பைப்பையும் குப்ரோ நிக்கலுக்கு (செம்பும் நிக்கலும் கலந்த உலோகம்) மாற்றினேன். அது உப்புக்கு அசைந்து கொடுப்பதில்லை. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றுங்கள். பின் டிரம்மைக் கழற்றினால் அரைப்பிடி மணல் கொட்டினாலும் ஆச்சரியமில்லை. அதைச் சுத்தம் செய்யும்போதே வீல் பேரிங் கிரீஸையும் மாற்றிவிடுங்கள்.

இனி, நீங்கள் ஆசைப்படும் டயர். மட் டயர் களிமண்ணுக்கானது. அதன் பெரிய கட்டைகள் மணலைத் தோண்டி வண்டியை இறக்கிவிடும், மழை பெய்த ரோட்டில் வழுக்கும், தினமும் ராமநாதபுரம் போய்வரும்போது காதுக்குள் இரைச்சலாக இருக்கும். நம் மணலுக்கும் ரோட்டுக்கும் சேர்த்து ஆல் டெர்ரெய்ன் டயர்தான் பொருந்தும். கம்பெனி அளவான 235/70 ஆர்16-லேயே வாங்குங்கள். பெரிதாக 245/75 போட்டால் டயரின் உயரம் சுமார் 735 மில்லிமீட்டரிலிருந்து 774 ஆகும். அதில் பாதிதான் வண்டி உயரும், இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை. பதிலுக்கு ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நீங்கள் 63-ல் போவீர்கள். இழுவை குறையும், பிரேக் பிடிக்கும் தூரம் கூடும். ஸ்டெப்னியோடு ஐந்து டயர் வாங்கினால் உங்கள் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதற்கே போய்விடும், அந்தச் செலவு தகும்.

மணலில் வேலை செய்வது டயரைவிட அதிலிருக்கும் காற்றுதான். ரோட்டில் 30 பி.எஸ்.ஐ. வைத்திருந்தால், தேரிமணலில் இறங்கும் முன் 18-க்குக் குறையுங்கள். டயர் அகலமாவதைவிட நீளமாகத்தான் தரையில் படியும், வண்டி மணலின் மேலேயே மிதந்து போகும். மறுபடி ரோடு ஏறும் முன் காற்று அடித்தே ஆக வேண்டும். குறைந்த காற்றோடு வேகமாகப் போனால் டயர் சூடேறி வெடிக்கலாம். எனவே பேட்டரியில் ஓடும் நல்ல கம்ப்ரஸர் ஒன்றும் நம்பகமான காற்று மீட்டர் ஒன்றும் வாங்குங்கள். வின்ச்சுக்கு ஆகும் பணத்தில் ஒரு துண்டுதான் இது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பனங்காட்டுப் பாதை நெடுக சீமைக்கருவேலம் இருந்தால் அங்கே காற்றைக் குறைக்காதீர்கள். காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் வெளியே பிதுங்கும், முள்ளுக்கு நேராகப் போய் நிற்கும். பக்கச் சுவரில் ஏறிய பஞ்சரை நம்பி ஒட்டவும் முடியாது. முள் பாதையைத் தாண்டி வெட்டவெளி மணல் வந்த பிறகு குறைத்தால் போதும். கருவேல முள் உள்ளே ஒடிந்துகொண்டு, இரண்டு மூன்று நாள் கழித்து மெதுவாகக் காற்றை இறக்கும். வீட்டுக்கு வந்ததும் டயரைக் கையால் ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பது நல்லது. ஓடு பகுதியில் முள் நுனி நெருடினால், குறடையும் பிளக் கிட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிடுங்குங்கள்.

லிஃப்ட் கிட் வேண்டாம் என்கிறேன். உங்கள் வண்டியில் முன்பக்கம் டார்ஷன் பார், அதாவது முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி. அதை முறுக்கி உயர்த்தினால் முன் ஆக்ஸில் ஜாயின்ட்டுகள் தாங்காத கோணத்தில் ஓடும், ரப்பர் பூட் கிழியும், உள்ளே மணல் போகும். வண்டி உயர்ந்தால் பாம்பன் பாலத்தில் குறுக்குக் காற்று அடிக்கும்போது ஆட்டமும் கூடும். பதிலாக நான்கு புது ஷாக் அப்சார்பர், எல்லா புஷ், பின் பட்டையைக் கழற்றிச் சுத்தம் செய்து வளைவு பார்த்தல், இவற்றைச் செய்யுங்கள். பன்னிரண்டு வருடத்துக்கு மேல் உட்கார்ந்துபோன பட்டை சரியானாலே வண்டி பழைய உயரத்துக்கு வந்துவிடும். புதிதாக இருந்தபோது எப்படி ஓடியிருக்கும் என்பது அப்போதுதான் உங்களுக்கே தெரியும்.

சில நூறு ரூபாய் வேலை ஒன்று. ஓடிச் சூடான ஆக்ஸில் திடீரென்று தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, பிரீதர் என்கிற காற்றுத் துளை வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஆக்ஸில் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் கியர்ப் பெட்டியின் ஆயிலை இறக்கிப் பாருங்கள். பால் ஊற்றிய டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். ஆயிலை மாற்றிவிட்டு, பிரீதரில் ஒரு ரப்பர் குழாய் மாட்டி என்ஜின் அறை மேல்பக்கம் வரை கொண்டுபோய்க் கட்டிவிடச் சொல்லுங்கள். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். உள்ளே உப்புக் கட்டிக்கொண்டால், தேரியில் லோ கியரில் ஏறும்போது வண்டி கொதிக்கும். கலந்து விற்கும் கூலன்ட் மட்டும் போதும்.

வெளிச்சத்துக்கு எல்.இ.டி. பார் வேண்டாம். எதிரே வருகிறவர் கண் கூசினால் இருட்டு ரோட்டில் ஆபத்து அவருக்கு மட்டுமில்லை, உங்களுக்கும்தான். உங்கள் ஹெட்லைட் மங்கலாக இருப்பதற்குப் பெரும்பாலும் பல்ப் காரணமாக இருக்காது. பழைய மெல்லிய ஒயரிலும் உப்புப் பூத்த எர்த்திலும் வோல்டேஜ் தொலைகிறது. ரிலே வைத்த தனி ஒயரிங் போட்டு, எர்த் பிடிக்கும் இடங்களை இரும்பு தெரியச் சுரண்டி, இறுக்கிவிட்டு மேலே வாசலின் தடவுங்கள். அதே 60/55 வாட் பல்ப் புதிது போல எரியும்.

சட்டமும் பார்க்க வேண்டும். கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே வருடத் திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உங்கள் வண்டி 2012 பதிவு என்றால் 2027-ல் 15 வருடம் முடிந்து, ஆர்.சி. புதுப்பிக்க எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று சோதனைக்கு) நிற்க வேண்டும். அங்கே லிஃப்ட் கிட்டோடும் புல் பாரோடும் போய் நிற்காதீர்கள்.

இந்த வண்டியில் எனக்கு உண்மையாகவே கவலை தருவது ஒன்றுதான். பின்னால் எதிரெதிரே இருக்கும் பக்கவாட்டு சீட்டில்தான் பிள்ளைகள் உட்காருகிறார்கள் என்று நினைக்கிறேன். அதில் பெல்ட் பிடிமானம் இல்லை. முன்நோக்கிய, பெல்ட் உள்ள சீட் வைக்க முடியுமா என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுதிக் கேளுங்கள். இருக்கை எண்ணிக்கை ஆர்.சி.யில் இருப்பதால் அனுமதி வாங்காமல் தொடக் கூடாது. அதுவரை, முடிந்தால் பள்ளிக்கு வேறு ஏற்பாடு பாருங்கள்.

வின்ச்சைக் கட்ட வெறும் மணலில் மரம் எங்கே இருக்கிறது? ஒரு மண்வெட்டி, இரண்டு சாக்கு, சேசிஸில் போல்ட் போட்ட உறுதியான கொக்கி, நல்ல இழுவைப் பட்டை இவை போதும். சக்கரத்துக்கு அடியில் பனை ஓலை கொடுக்கலாம். மட்டை கொடுத்தால் கருக்குச் சீவிய மட்டையாக இருக்கட்டும், இல்லையென்றால் அந்தப் பல்லே டயரை அறுத்துவிடும். சக்கரம் சும்மா சுற்ற ஆரம்பித்த நொடியே ஆக்ஸிலேட்டரை விடுங்கள். மழைக்குப் பிறகு உப்பளம் பக்கத்து உவர் நிலத்தில் மட்டும் எந்த டயரோடும் இறங்காதீர்கள். மேலே காய்ந்த பொருக்கு, கீழே முழங்கால் சேறு.

மீன் கரைக்குப் போகும்போது வண்டிப் பாதையிலேயே போங்கள், அலையோர மணலில் வேண்டாம். 2017-ல் அரிச்சல்முனை வரை ரோடு வரும் முன் தனுஷ்கோடி மணலில் ஓடிய வேன்கள், ஜீப்புகளின் அடிப்பாகம் என்ன ஆனது என்பதை அந்தப் பக்கத்து மெக்கானிக் யாரைக் கேட்டாலும் சொல்வார். அதோடு ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் நம் கரையில் முட்டையிடும். மணலுக்கடியில் இருக்கும் கூடு டிரைவர் கண்ணுக்குத் தெரியாது.

விற்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஸ்க்ரூ டிரைவர் சோதனையில் தரைத் தகடு, சக்கர வளைவு போன்ற இடங்கள் மட்டும் உளுத்திருந்தால் டிங்கரிங்கில் சரிசெய்யலாம், வண்டியை வைத்துக்கொள்ளுங்கள். அந்த 2.5 லிட்டர் என்ஜின் ஒழுங்காக ஆயில் மாற்றினால் இன்னும் பல வருடம் உழைக்கும். ஸ்டீயரிங் பாக்ஸ் பிடிக்கும் இடத்திலோ ஸ்பிரிங் தொங்கும் இடத்திலோ சேசிஸ் ஓட்டை விழுந்திருந்தால், மேலே தகடு வைத்து வெல்டிங் அடித்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அப்போது ஒன்றரை லட்சத்தில் ஒரு ரூபாய்கூட இதில் போடாமல், வாங்குகிறவருக்கு அந்த ஓட்டையைக் காட்டி விற்றுவிடுங்கள்.