வாங்கலாமா, வேண்டாமா? போதைக்குக் கவசம் விற்கிறார்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். கோகெயின், டிக் (மெத்தாம்ஃபெட்டமின்), எக்ஸ்டஸி என்று போதைப்பொருள் எடுக்கிறவர்களுக்கு "உடம்பு கெடாமல் காக்கும்" என்று சொல்லி ஜிம்மிலும் வாட்ஸாப்பிலும் சத்து மாத்திரைகள் விற்கப்படுகின்றன. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன்.

மகனுக்கு 23 வயது. வார இறுதியில் நண்பர்களோடு குடியும் கோகெயினும் என்று சமீபத்தில்தான் தெரிந்தது. அவன் போகும் ஜிம்மின் வாசலில் ஒருவர் என்னிடம் வந்து, "அவனைத் திட்டாதீர்கள், இதைக் கொடுங்கள், இருதயமும் மூளையும் பத்திரமாக இருக்கும்" என்று 1,850 ராண்டுக்கு மூன்று டப்பா கொடுத்தார். பயன் உண்டா? இல்லையென்றால் பணம் திரும்பக் கிடைக்குமா? (ஒரு தாய், சாட்ஸ்வொர்த்)

அம்மா, முதலில் பணத்தைப் பார்த்துவிடுவோம், அதற்கு நாள் கணக்கு இருக்கிறது. நீங்கள் கடை தேடிப் போகவில்லை, அவர்தான் உங்களைத் தேடி வந்து விற்றார். அப்படி விற்றால், தென்னாப்பிரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 16-ஆம் பிரிவுப்படி 5 வேலைநாளுக்குள் காரணமே சொல்லாமல் வேண்டாம் என்று சொல்லலாம். வாயால் சொன்னால் போதாது. வாட்ஸாப்பிலாவது எழுதி அனுப்புங்கள், அனுப்பியதைப் படம் எடுத்து வையுங்கள், டப்பாவைத் திறக்காதீர்கள். 5 நாள் தாண்டிவிட்டாலும் விட்டுவிட வேண்டாம். இல்லாத பலனைச் சொல்லி விற்பது தனிக் குற்றச்சாட்டு. அதை நுகர்வோர் பொருள் சேவை ஆம்பட்ஸ்மனிடம் (குறைகேட்பாளரிடம்) கொண்டு போகலாம், கட்டணம் கிடையாது.

இனி டப்பாவுக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய படத்தில் வைட்டமின் சி, மக்னீசியம், மில்க் திசில் என்ற மூலிகை இருக்கின்றன. மூன்றும் விஷமில்லை. ஆனால் கோகெயின் செய்வது என்ன? இருதயத்துக்கு இரத்தம் கொண்டு போகும் குழாயைச் சுருக்குகிறது, அதே நேரம் இருதயத்தை வேகமாக ஓட விடுகிறது. 1999-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், எடுத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு சுமார் 24 மடங்கு கூடியிருந்தது. சுருங்கிய குழாயை எந்த வைட்டமினும் திறக்காது. மதுவும் சேர்ந்தால் கல்லீரல் இரண்டையும் வைத்து கோகாஎத்திலீன் என்ற மூன்றாவது பொருளைச் செய்கிறது. அது கோகெயினைவிட நேரம் உடம்பில் தங்கும். ஆகவே உங்கள் மகனிடம் ஒன்றையாவது பேச முடியுமென்றால், இரண்டையும் சேர்க்காதே என்பதைப் பேசுங்கள்.

நெஞ்சு வலி என்று சொன்னால் காத்திருக்க வேண்டாம். ஆம்புலன்ஸுக்கு 10177, அல்லது கைப்பேசியிலிருந்து 112. மருத்துவரிடம் கோகெயின் என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். வழக்கமாகக் கொடுக்கும் சில இருதய மருந்துகளைக் கொடுக்கலாமா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். அக்கம்பக்கம் என்ன பேசும் என்ற வெட்கத்தில் இதை மறைத்த வீடுகள் உண்டு. அப்புறம், போதைப் பழக்கத்துக்கு உதவும் சான்கா அமைப்பில் குடும்பத்தாருக்கும் ஆலோசனை உண்டு, மகன் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம்.

உங்கள் பயத்தைப் பார்த்து விலை சொன்ன அந்த ஆளைத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

டிக் எடுக்கும் தம்பிக்குப் பற்கள் கறுத்து உடைகின்றன. கால்சியம் மாத்திரை வாங்கித் தரலாமா? (டோங்காட்)

வேண்டாம். வாய் வறட்சி, பல்லை நெறிப்பது, தாகத்துக்கு விடாமல் குடிக்கும் இனிப்புக் குளிர்பானம், பல் தேய்க்காமல் போகும் நாட்கள், இவைதான் பல்லைத் தின்கின்றன. ஃப்ளோரைடு பற்பசை, தண்ணீர், பல் மருத்துவர்.

மாதத்துக்கு ஒரு முறை எக்ஸ்டஸி. முன்னால் வைட்டமின் சி, ஆல்ஃபா லிபோயிக் அமிலம், மக்னீசியம். அன்றிரவே 5-எச்டிபி. எல்லாரும் சொல்லும் முறைதான். இவற்றில் நல்ல பிராண்ட் எது? நான் மனச்சோர்வுக்கு மருத்துவர் கொடுத்த மாத்திரையும் சாப்பிடுகிறேன். (மாணவர், வெஸ்ட்வில்)

தம்பி, பிராண்டைக் கடைசியில் கேட்டிருக்கலாம். மனச்சோர்வு மாத்திரையைப் பற்றித்தான் முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும். மனநிலையைக் கவனிக்கும் மூளை இரசாயனமான செரோடோனினை எக்ஸ்டஸி ஒரேயடியாகக் கொட்ட வைக்கிறது. 5-எச்டிபி அதே செரோடோனினுக்கு மூலப்பொருள். மனச்சோர்வு மாத்திரைகளில் பலவும் அந்தப் பக்கமே தள்ளுகின்றன. மூன்றும் ஒரே இரவில் கூடினால் செரோடோனின் மிகுந்து வியர்வை, நடுக்கம், தசை வெட்டி இழுப்பது, காய்ச்சல், குழப்பம் என்று போகலாம். உயிருக்கே ஆபத்தான நிலை அது. அன்றிரவு 5-எச்டிபி கூடாது. அந்த மாத்திரையோடு, மருத்துவரைக் கேட்காமல், எந்த நாளும் கூடாது. மாத்திரையை நீங்களே நிறுத்தவும் கூடாது.

வைட்டமின் சியும் லிபோயிக் அமிலமும் மூளையைக் காக்கும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது தெரியுமா? எலிகள். அவற்றுக்கு ஊசி வழியாக, உடல் எடைக்கு மிக அதிகமான அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். சில ஆய்வுகளில் எலியின் செரோடோனின் நரம்புகளுக்குச் சேதம் குறைந்தது உண்மை. அதற்கும் நீங்கள் மருந்துக்கடையில் வாங்கும் ஆரஞ்சு நிற மாத்திரைக்கும் நடுவில் மனிதர்களிடம் நிரூபித்த ஆய்வு இல்லை. மக்னீசியம் தாடை இறுக்கத்தைத் தளர்த்துகிறது என்று எடுப்பவர்கள் சொல்கிறார்கள். அதிகமானால் வயிற்றுப்போக்கு நிச்சயம்.

எக்ஸ்டஸியில் ஆளை உடனே சாய்ப்பது உடல் சூடேறுவதும் தண்ணீர்க் கணக்குத் தவறுவதும்தான். டர்பன் கோடையில், காற்றில்லாத கூடத்தில் ஆடினால் சூடு எங்கே போகும்? வெளியே வந்து உட்கார வேண்டும். பயத்தில் லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிப்பதும் தவறு, இரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பு வரலாம். ஆடும்போது மணிக்கு அரை லிட்டர், சும்மா இருந்தால் கால் லிட்டர் என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. போதை மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, வைட்டமினுக்கும் தெரியாது.

பிராண்ட் சொல்ல மாட்டேன்.

டிக்கை விட்டு இரண்டு மாதம் ஆகிறது. துறைமுகத்தில் இரவு ஷிஃப்ட். உடம்பில் சக்தியே இல்லை. சத்துக் கடையில் டைரோசின், என்-அசெட்டில் சிஸ்டீன், கூடவே ஓர் எனர்ஜி பொடி எழுதிக் கொடுத்தார்கள். வாங்கட்டுமா? (ஃபீனிக்ஸ்)

விட்டு இரண்டு மாதம் என்பது சின்ன விஷயம் இல்லை அண்ணா.

டைரோசினிலிருந்துதான் மூளை, உற்சாகத்தோடு தொடர்புள்ள டோபமின் என்ற இரசாயனத்தைச் செய்கிறது. அதனால் அள்ளிப் போட்டால் அதிகம் செய்யும் என்று கடைக்காரர் கணக்குப் போடுகிறார். அதைச் செய்யும் நொதிக்குச் சாதாரணச் சாப்பாட்டிலேயே போதுமான டைரோசின் கிடைத்துவிடுகிறது, மேலே கொட்டினாலும் பெரிதாக வேகம் பிடிக்காது. என்-அசெட்டில் சிஸ்டீனை ஆஸ்திரேலியாவில் முறையாகச் சோதித்தார்கள். 153 பேர், 12 வாரம், நாளுக்கு 2,400 மில்லிகிராம். 2021-இல் முடிவு வந்தது: வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட டிக் எடுப்பது குறையவில்லை. இரண்டையும் விடுங்கள்.

அந்த எனர்ஜி பொடிதான் என்னைக் கோபப்படுத்துகிறது. நீங்கள் அனுப்பிய லேபிளில் "ப்ரொப்ரைட்டரி ப்ளெண்ட்" என்று மொத்த எடை மட்டும் போட்டு, கீழே பதினோரு பெயர்கள். காஃபீன் எத்தனை மில்லிகிராம்? யோஹிம்பின் என்ற ஊக்கப் பொருள் எத்தனை? தெரியாது. இது வியாபார ரகசியம் என்பார்கள். விலையுயர்ந்த சரக்கில் ஒரு சிட்டிகையும் மலிவான காஃபீனை நிறையவும் போட்டாலும் வெளியே தெரியாது, அதற்குத்தான் இந்த ஏற்பாடு. சமையல் எண்ணெய் பாட்டிலில் எத்தனை மில்லி என்று போடாமல் விற்றால் சும்மா இருப்போமா? நானும் ஒரு கண்காட்சியில் இப்படி ஒரு பொடியை வாங்கியவன்தான். செயற்கைத் தர்பூசணி மணம். குடித்த அன்று விடிய விடியக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன், காது வரை இருதயம் அடித்தது. நல்ல கெட்டியான மூடி என்பதால் டப்பாவில் இப்போது கொத்தமல்லி விதை இருக்கிறது. எனக்கே அப்படியென்றால், பல மாதம் ஊக்கப் போதையில் ஓடி இப்போதுதான் ஓயும் இருதயத்துக்கு இதைக் கொடுக்கலாமா?

இந்த நாட்டில் இப்படி விற்கும் பல டப்பாக்களில் மருந்துகளைக் கட்டுப்படுத்தும் அமைப்பான சாஃப்ராவின் பெயர் போட்ட ஒரு வரி இருக்கும், எறும்பு எழுதியதுபோல. இது பதிவு செய்யப்படாத மருந்து, இதன் தரம், பாதுகாப்பு, பயன்பாடு எதையும் சாஃப்ரா மதிப்பிடவில்லை என்பது அதன் பொருள். முன்பக்கத்தில் சிங்கம் கர்ஜிக்கும், பின்பக்கத்தில் இந்த வரி முனகும். வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன், டப்பாவை முதலில் திருப்பிப் பாருங்கள்.

உங்கள் களைப்புக்கு வருகிறேன். டிக்கை விட்ட பின் சோர்வும் தூக்கமும் எதிலும் ருசியில்லாமையும் பல வாரம் இருப்பது வழக்கம். ஓராண்டுக்கு மேல் விலகியிருந்தவர்களின் மூளையைப் படம் பிடித்தபோது, டோபமின் தொடர்பான சேதத்தில் கணிசமான பகுதி மீண்டிருந்தது. காலம் எடுக்கிறது, ஆனால் நடக்கிறது. அந்தப் பணத்தில் சுகர் பீன்ஸ், முட்டை, பில்ச்சர்ட் மீன் டின் வாங்குங்கள், பசிக்காவிட்டாலும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். கிளினிக்கில் இரத்தம் பாருங்கள், உண்மையிலேயே இரும்பு குறைந்திருந்தால் இரும்பு மாத்திரைக்கு அர்த்தம் உண்டு. பகல் ஷிஃப்ட்டுக்கு மாறக் கேட்டுப் பாருங்கள்.

வேலையில் சிறுநீர்ச் சோதனை. 'டீடாக்ஸ்' பானமும் நியாசின் (வைட்டமின் பி3) மாத்திரையும் எடுத்தால் தப்பலாம், இல்லையென்றால் பணம் வாபஸ் என்கிறார்கள். (பெயர் வேண்டாம்)

வேலை போன பிறகு வாபஸ் கேட்டு எந்த முகத்தோடு போவீர்கள்? நியாசினை அள்ளிப் போட்டு கல்லீரலும் இருதயமும் பாதித்து மருத்துவமனைக்குப் போனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களிலேயே பதிவு உண்டு. சோதனையையும் அது மாற்றாது.

நெஞ்செரிச்சலுக்கு என் கணவர் தினமும் சோடா உப்பு குடிக்கிறார். டிக்கும் உண்டு. பரவாயில்லையா? (வெருலம்)

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. சோடா உப்பு சிறுநீரைக் காரமாக்கும். அப்போது டிக் உடம்பைவிட்டு வெளியேறத் தாமதமாகும், போதையின் ஆட்டமும் நீளும். நெஞ்செரிச்சல் என்று நினைப்பது நெஞ்சு வலியாகவும் இருக்கலாம். இந்த வாரமே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

'ஹார்ட் ப்ரொடெக்ட்' என்று வாட்ஸாப் குழுவில் பார்த்து 4,200 ராண்டு அனுப்பினேன். சரக்கு வரவில்லை. விற்றவர் பெயர், முகவரி, ரசீது எதுவும் இல்லை. போன வருடமும் இதேபோல் ஒரு ஏர் ஃப்ரையருக்குப் போனது. (ஐசிபிங்கோ)

போன வருடம் நான் சொன்னதையேதான் திரும்பச் சொல்கிறேன். எழுத்து மூலமான விற்பனைச் சான்று தருவது விற்பவரின் கடமை, 26-ஆம் பிரிவு. கேட்காமல் பணம் அனுப்பியது நீங்கள். இன்றைக்கே வங்கியின் மோசடிப் பிரிவுக்குச் சொல்லுங்கள், பிறகு போலீஸில் வழக்கு எண் வாங்குங்கள். குழுவை விட்டு இப்போது வெளியேற வேண்டாம், அங்குள்ள செய்திகள்தான் உங்களிடம் மிஞ்சியிருக்கும் சாட்சி. பணம் வரும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை.

புரட்டாசியில் சைவம். மல்டிவைட்டமின் காப்ஸ்யூல் சாப்பிடலாமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

ஜெலட்டின் என்று எழுதியிருந்தால் அது மாடு அல்லது பன்றியின் தோல், எலும்பிலிருந்து வந்தது. செல்லுலோஸ் உறை போட்டது கிடைக்கிறது, அல்லது சாதாரண மாத்திரையாக வாங்குங்கள், விலையும் குறைவு.