பிறப்புச் சான்று இல்லாத இருளர் குழந்தையைப் பள்ளியில் சேர்க்க முடியுமா?

கேள்வி: கிள்ளையில் எங்கள் தெருவை ஒட்டிய இருளர் குடியிருப்பில் 9 வயதுப் பெண் குழந்தை இருக்கிறாள். பெற்றோர் செங்கல் சூளை வேலைக்கு ஊர் ஊராகப் போவதால் இதுவரை பள்ளிக்கே போனதில்லை. பிறப்புச் சான்றும் சாதிச் சான்றும் இருந்தால்தான் சேர்ப்போம் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: நாளைக்கே குழந்தையைக் கூட்டிக்கொண்டு போங்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 14, வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது. அங்கன்வாடி பதிவேடோ கிராம செவிலியரின் பதிவேடோ இருந்தால் போதும். அதுவும் இல்லையென்றால் பெற்றோர் வயதை உறுதிசெய்து எழுதிக் கொடுக்கலாம். பள்ளி திறந்து மாதங்கள் ஆகிவிட்டாலும் பிரிவு 15 சேர்க்கையைக் காக்கிறது.

அப்புறம், எந்த வகுப்பு என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பிரிவு 4-இன்படி வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும். அவளுக்கு அது 4-ஆம் வகுப்பு. விட்டுப்போன பாடங்களுக்குச் சிறப்புப் பயிற்சி தருவது பள்ளியின் கடமை. ஆறு வயதுப் பிள்ளைகளோடு ஒன்றாம் வகுப்பில் உட்காரவைத்தால் கூச்சத்திலேயே நின்றுவிடுவாள். 14 வயதைத் தாண்டினாலும் எட்டாம் வகுப்பு முடியும்வரை கட்டணமில்லாமல் படிக்கலாம்.

சாதிச் சான்றைச் சேர்க்கையோடு முடிச்சுப் போடவே கூடாது. உதவித்தொகைக்கும், பிறகு கல்லூரியில் பழங்குடியினருக்கான 1 சதவீத இடஒதுக்கீட்டுக்கும் அது அவசியம்தான். ஆனால் பழங்குடியினர் சான்றை வட்டாட்சியர் தருவதில்லை; கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர்தான் தருவார், விசாரணையும் உண்டு. அது முடியும்வரை குழந்தை வீட்டில் இருந்தால் இந்த ஆண்டும் போய்விடும். இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். அப்பா வழி உறவினர் யாரிடமாவது சான்று இருந்தால் அதன் நகலையும் இணையுங்கள்.

மறுபடியும் முடியாது என்றால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதோடு வட்டாரக் கல்வி அலுவலரிடம் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்குங்கள். 14417 கல்வி உதவி எண்ணிலும் சொல்லலாம். பிரிவு 32-இன் கீழ் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தால் மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். 2007-இல் ஐ.நா. நிறைவேற்றிய பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனமும் பாகுபாடற்ற கல்வியை இந்தக் குழந்தைகளின் உரிமை என்கிறது. இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்தது. ஆனாலும் தலைமையாசிரியரிடம் பேச 2009 சட்டமே போதும். அவளைச் சேர்ப்பதில் யாரும் சலுகை செய்யவில்லை.

அடுத்த சூளை சீசனில் குடும்பம் பாகூர் பக்கம் போனால்? மத்தியச் சட்டம் என்பதால் புதுச்சேரிப் பள்ளியிலும் இதே உரிமைதான். டி.சி. தாமதமானாலும் சேர்க்கையை நிறுத்தக் கூடாது என்று பிரிவு 5 சொல்கிறது. புதுச்சேரியின் பழங்குடியினர் பட்டியலில் இருளர் 2016-இல்தான் இடம்பெற்றார்கள், பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனி. அதனால் சாதிச் சான்றைச் சொந்த ஊரான கடலூர் மாவட்டத்திலேயே வாங்கிவிடுங்கள்.