"பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற வேலையா?"

வணக்கம் சார். பொண்ணு எஸ்எஸ்பி-க்கு (படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் நேர்காணல்) போய்விட்டு பைலட் ஆப்டிட்யூட் சோதனையில் தேறாமல் வந்துவிட்டாள், இப்போது கடற்படையில் 'அப்சர்வர்' என்று ஏதோ சொல்கிறாள், அது பைலட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற வேலையா என்று கேட்டிருந்தீர்கள். அந்தச் சோதனை வாழ்நாளில் ஒருமுறைதான், அதனால் உங்கள் வருத்தம் நியாயம். ஆனால் வேடிக்கை என்று நினைத்தது தப்பு.

உங்கள் ஊர்ப் பக்கமே ஒரு உதாரணம் இருக்கிறது. அரக்கோணத்தில் ஐஎன்எஸ் ராஜாளி என்ற கடற்படை விமானதளத்தில் இருக்கும் ஐஎன்ஏஎஸ் 312 ஸ்குவாட்ரன், அதாவது கடற்படையின் ஒரு விமானப் பிரிவு. கடலுக்கு மேல் நெடுந்தூரம் கண்காணிப்பது ஒரு காலத்தில் விமானப்படையின் வேலையாக இருந்தது. 1976-ல் அது கடற்படைக்கு வந்தபோது, கூடவே சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானங்களும் கைமாறின. அவை அதற்கும் முன்னால் ஏர் இந்தியாவில் பயணிகளை ஏற்றிப் பறந்தவை! அந்தப் பழைய விமானங்களோடுதான் கோவாவில் 312 தொடங்கியது. 1988-ல் சோவியத்திலிருந்து டியூ-142எம் என்ற கண்காணிப்பு விமானம் வந்தது. மொத்தம் எட்டு விமானங்கள், ஒவ்வொன்றிலும் நான்கு என்ஜின், ஒவ்வொரு என்ஜினிலும் எதிரெதிராகச் சுழலும் இரண்டு புரொப்பல்லர், இறக்கையை அளந்தால் ஐம்பது மீட்டர். 1992-ல் ராஜாளி திறந்ததும் இங்கே வந்துவிட்டார்கள், நான்கு கிலோமீட்டருக்கு மேல் நீளமான ஓடுபாதை இருக்கிறதே. 2013 மே மாதம் போயிங் பி-8ஐ வந்தது, 2017 மார்ச்சில் டியூ-142எம் ஓய்வு பெற்றது. (ஒன்றை விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் மியூசியமாக வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் பொண்ணைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.)

இத்தனை விமானம் மாறியும் மாறாதது பின்பக்கத்து வேலைதான். நீர்மூழ்கியைத் தேடும்போது சோனோபாய் என்கிற குழல்களை விமானத்திலிருந்து கடலில் வரிசையாகப் போடுவார்கள். அது தண்ணீரில் மிதந்தபடி கீழே மைக்கைத் தொங்கவிட்டு, கேட்கிற சத்தத்தை ரேடியோவில் மேலே அனுப்பும். திரையில் கோடு கோடாக ஓடும். அதில் எது சரக்குக் கப்பல், எது திமிங்கலம், எது பதுங்கிக் கிடக்கிற நீர்மூழ்கி என்று மணிக்கணக்காக உட்கார்ந்து பிரித்தாக வேண்டும். நீர்மூழ்கியின் இரும்பு உடம்பால் பூமியின் காந்தப்புலம் லேசாகக் கலைவதைப் பிடிக்கிற கருவியும் பி-8ஐ வாலில் இருக்கிறது. அமெரிக்கா தனக்கு வைத்திருக்கும் பி-8ஏ-யில் அது கிடையாது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்து, அடுத்த சோனோபாய் எங்கே விழ வேண்டும், விமானம் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்வது அப்சர்வர். பைலட் அங்கே ஓட்டிக்கொண்டு போவார். 2014-ல் காணாமல் போன மலேசிய விமானத்தைத் தேடப் போனதும் இந்த பி-8ஐ-தான், அந்தத் தேடலிலும் பாதி வேலை இந்த இருக்கைகளில்தான்.

இந்த வேலைக்கு இப்போது நேவல் ஏர் ஆபரேஷன்ஸ் ஆபீசர் என்று பெயர். பி.இ. எந்தப் பிரிவானாலும் சரி, 60 சதவீதம் வேண்டும். பத்து, பன்னிரண்டிலும் அப்படியே, ஆங்கிலத்திலும் 60. நிறையப் பிள்ளைகள் அந்த ஆங்கில மதிப்பெண்ணில்தான் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் முதலில் அதைப் பாருங்கள். தேர்வானால் கேரளத்தில் எழிமலை கடற்படை அகாடமியில் பயிற்சி, அப்புறம் கொச்சியில் அப்சர்வர் பள்ளி.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இது ஷார்ட் சர்வீஸ்: பத்து வருடம், நீட்டித்தால் பதினான்கு. அந்தக் காலத்துக்கு ஓய்வூதியம் இல்லை, நிரந்தரக் கமிஷன் (ஓய்வு வயது வரை அதிகாரிப் பணி) கிடைத்தால் வேறு கதை. பெண்களுக்கும் அது உண்டு என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, ஆனால் கிடைத்துவிடும் என்று இப்போதே கணக்குப் போடாதீர்கள்.

இன்னொன்று, அவளிடம் "பைலட் ஆக முடியாமல் போச்சே" என்று வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்லாதீர்கள் சார். அடுத்த எஸ்எஸ்பி-யில் ஏன் அப்சர்வர் என்று கேட்பார்கள், 'பைலட் கிடைக்கவில்லை, அதனால்' என்று அவள் வாயிலிருந்து வந்தால் கஷ்டம். பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் இதுவரைக்குமான செமஸ்டர் சதவீதத்தையும் அனுப்பிவிடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.