டிஜிட்டல் கேமரா சட்டைப்பையில் அடங்கும் அளவுக்கு எப்படிச் சுருங்கியது?

1975இல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய டிஜிட்டல் கேமரா ஏறக்குறைய 3.6 கிலோ எடை. ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கேசட்டில் பதியவே 23 விநாடி பிடித்தது.

என்னைக் கேட்டால், உண்மையான திருப்பம் 1995இல் வந்த கேசியோ க்யூவி-10 கேமராதான். படம் வெறும் 320க்கு 240 புள்ளிகள், தெளிவு குறைவுதான். ஆனால் பின்பக்கம் 1.8 அங்குலத் திரை இருந்தது! எடுத்த கையோடு பார்க்கலாம். யாராவது கண்ணை மூடியிருந்தால் அழித்துவிட்டு இன்னொன்று எடுக்கலாம். ஃபிலிம் கழுவி வரும்வரை காத்திருந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! லென்ஸ் பகுதியைத் திருப்பித் தன்னையே படம்பிடிக்கவும் முடிந்தது.

அப்புறம் ஒளியைப் படமாக மாற்றும் சென்சாரும் மெமரி கார்டும் மளமளவென்று விலை இறங்கின. 2000இல் வந்த கேனன் டிஜிட்டல் இக்ஸஸ் கேமரா, 2 மெகாபிக்சலோடு (அதாவது சுமார் 20 லட்சம் புள்ளிகள்) உள்ளங்கையில் அடங்கியது. அணைத்ததும் லென்ஸ் உள்ளே இழுத்துக்கொள்வது அந்தச் சிறிய உருவத்துக்கு ஒரு முக்கியக் காரணம்.