கேள்வி-பதில்: வளைந்து இறங்கும் குட்டை ஃபோர்ஹேண்டுக்கு எந்த டிஸ்க்?

இந்த முறை எல்லாக் கடிதங்களும் டிஸ்க் கோல்ஃப் பற்றியவை, அதாவது தட்டு போன்ற டிஸ்க்கை வீசிச் சங்கிலி தொங்கும் கூடையில் சேர்க்கும் ஆட்டம். அதிலும் பெரும்பாலானவை ஒரே வீச்சைப் பற்றி: சங்கிலிக் கூடைக்கு 30, 40 மீட்டர் தொலைவில் நின்று, நடுவில் மரமோ புதரோ மறிக்க, ஃபோர்ஹேண்டில் (உள்ளங்கை மேல்நோக்க, வீசும் கையின் பக்கத்திலிருந்தே வீசுவது) டிஸ்க்கை வளைத்துக் கொண்டுபோய் இறக்குவது. பதில்கள் வலது கையால் வீசுபவர்களுக்கு எழுதியவை. இடது கைக்காரர்கள் வலம், இடம் மாற்றிப் படித்துக்கொள்ளவும்.

கே: மரத்துக்கு இடப்பக்கமாகப் போய் வலப்பக்கம் வளைந்து இறங்க வேண்டும். பெரிய ஆட்டக்காரர்கள் வீசுவதைப் பார்த்து ஸ்பீட் 12 டிரைவர் (தொலைதூர வீச்சுக்கான டிஸ்க்) ஒன்று வாங்கினேன். சில நேரம் பாதியில் விழுகிறது, சில நேரம் கூடையைத் தாண்டி ஓடுகிறது.

ப: ஸ்பீட் 12 என்றால் டிஸ்க் தானாக வேகமாகப் போகும் என்று அர்த்தமில்லை. அவ்வளவு வேகத்தை நீங்கள் கொடுத்தால்தான் அது சொன்னபடி பறக்கும். 40 மீட்டருக்கு அத்தனை வேகம் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. மெதுவாக விட்டால் சீக்கிரமே சாய்ந்து தரையில் மோதும். கொஞ்சம் பலம் கூட்டினால் கூடையைக் கடந்து, சரிந்து பட்டு, சறுக்கிக்கொண்டே போகும். உங்களுக்கு நடப்பது இந்த இரண்டும்தான்.

வலது கை ஃபோர்ஹேண்டில் டிஸ்க், மேலிருந்து பார்த்தால், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். அதனால் வேகம் அடங்கும்போது வலப்பக்கம் சாயும். வளைவை நீங்கள் உண்டாக்க வேண்டியதில்லை. அது தானாக வரும் டிஸ்க்கை வாங்கினால் போதும். டிஸ்க்கில் போட்டிருக்கும் நான்கு எண்களைப் பாருங்கள்: ஸ்பீட் 3 முதல் 5 வரை, கிளைடு (மிதக்கும் தன்மை) 3 அல்லது அதற்கும் குறைவு, டர்ன் (வேகமாகப் போகும்போது எதிர்ப்பக்கம் சாய்வது) 0, ஃபேட் (வேகம் அடங்கும்போது வளைவது) 3. டிஸ்க்ராஃப்ட் ஜோன், வெஸ்ட்சைட் ஹார்ப், இன்னோவா கேட்டர் மூன்றும் இந்தக் கணக்கில் வரும். கிளைடு குறைவாக இருப்பது முக்கியம். வேகம் தீர்ந்ததும் மிதந்துகொண்டிருக்காமல் இறங்கிவிடும். 60, 70 மீட்டர் போக வேண்டிய இடத்தில் இன்னோவா ஃபயர்பேர்டை (அதே வரிசையில் 9/3/0/4) யோசிக்கலாம். 40 மீட்டருக்கு வேண்டாம்.

கே: ஜோனா, ஹார்ப்பா, கேட்டரா? ஒன்றைச் சொல்லுங்கள்.

ப: உங்கள் கை சொல்ல வேண்டியது இது. ஃபோர்ஹேண்டில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் உள்ளே போய், நடுவிரலின் பக்கம் விளிம்பின் உட்சுவரை அழுத்தும். கட்டைவிரல் மேலே. விளிம்பு உயரமான டிஸ்க்கில் கட்டைவிரல் எட்டிப்பிடிக்க வேண்டிவரும், பிடி தளரும். ஜோன் தட்டையானது, உயரம் குறைவு, அடிவிளிம்பில் பாசிமணி போன்ற புடைப்பும் கிடையாது. அதனால்தான் ஃபோர்ஹேண்ட்காரர்கள் அதை விரும்புகிறார்கள். கேட்டரில் அந்தப் புடைப்பு உண்டு. சிலருக்கு அது நல்ல பிடி, சிலருக்கு விரலை உரசும் தொல்லை. கையில் எடுத்துப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். கடைக்குப் போக வழியில்லை என்றால் ஜோனில் தொடங்குங்கள்.

கே: நான் இடது கை. "இடது கைக்கான டிஸ்க்" என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு ஒன்றைக் கொடுத்தார்கள். மாற்றம் எதுவும் தெரியவில்லை.

ப: அப்படி ஒரு டிஸ்க்கே கிடையாது. வட்டத்துக்கு வலக்கை, இடக்கை ஏது? எந்தப் பக்கம் சுழற்றுகிறீர்களோ அதற்கு எதிர்ப்பக்கம் வளையும், அவ்வளவுதான். உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். ரசீதை எடுத்துக்கொண்டு போய்க் கூடுதலாக வாங்கிய பணத்தைக் கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்ல.

கே: என்னிடம் இருந்த டிஸ்க் ஏரியில் போய்விட்டது. அதே பெயர், அதே நான்கு எண்கள் உள்ள இன்னொன்றை வாங்கினேன். பழையது போல வளையவே இல்லை, மிதந்து நேராகப் போகிறது. கடைக்காரர் "எண் ஒன்றுதானே, வீசுவதில் கோளாறு" என்கிறார்.

ப: இதே பதிலை எனக்கும் ஒரு கடையில் சொன்னார்கள். நான் நம்பி வைத்திருந்த ஒரு டிஸ்க்குக்கு மாற்றாக அதே அச்சில் (வார்ப்பு அச்சில்) இன்னொன்று வரவழைத்தேன். பழையது தட்டையாக இருந்தது, வந்தது நடுவில் நன்றாக உப்பியிருந்தது. அதனால் வளைய வேண்டிய இடம் தாண்டியும் மிதந்துகொண்டே போகும். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்பீட், கிளைடு, டர்ன், ஃபேட் என்ற நான்கு எண்களைப் போடுவது தயாரிப்பாளர். வெளியிலிருந்து யாரும் பறக்கவிட்டு அளந்து கொடுப்பதில்லை. டிஸ்க் கோல்ஃபுக்கான அமைப்பான பி.டி.ஜி.ஏ. ஒரு டிஸ்க்குக்கு அனுமதி கொடுக்கும்போது பார்ப்பது விட்டம், எடை, விளிம்பின் அகலம், வளையும் தன்மை போன்றவற்றை. எப்படிப் பறக்கிறது என்பது அந்தச் சோதனையில் இல்லை. ஆக ஒரு நிறுவனத்தின் ஃபேட் 3, இன்னொரு நிறுவனத்தின் ஃபேட் 3-க்குச் சமமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

அதைவிட மோசம், ஒரே நிறுவனத்துக்குள் நடப்பது. எண் அச்சுக்குப் பொதுவாகப் போடப்படுகிறது. ஆனால் அதே அச்சில் மலிவு பிளாஸ்டிக்கும் ஊற்றுவார்கள், உயர்ரக பிளாஸ்டிக்கும் ஊற்றுவார்கள். ஒவ்வொன்றும் ஆறும்போது ஒவ்வொரு விதமாகச் சுருங்கும். ஒன்று தட்டையாக வரும், ஒன்று உப்பலாக வரும். உப்பல் கூடினால் மிதப்பு கூடும். விளிம்பின் முனை தரையிலிருந்து இருக்கும் உயரம் சற்று மாறினாலும் வளைவு மாறும். மேலே பொறித்த எண் மட்டும் அப்படியே இருக்கும். குட்டை வீச்சில் இதெல்லாம் அப்பட்டமாகத் தெரியும், ஏனென்றால் நமக்குத் தேவையே அந்தக் கடைசி வளைவுதான். நூறு மீட்டர் வீசுபவருக்கு ஐந்து மீட்டர் தள்ளி விழுந்தால் பரவாயில்லை. நமக்கு அந்த ஐந்து மீட்டரில்தான் கூடை இருக்கிறது.

விற்பவருக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தும் ஒரே படத்தைப் போட்டு, நான்கு எண்ணை எழுதி, எடையையும் பிளாஸ்டிக்கையும் சொல்லாமல் விற்பவர்கள் இருக்கிறார்கள். இதை நான் நேர்மையான வியாபாரம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். அனுப்பப்போகும் அதே டிஸ்க்கின் படம், பக்கவாட்டிலிருந்து ஒன்று, அடியில் எழுதிய எடை, பிளாஸ்டிக்கின் பெயர் நான்கையும் கேளுங்கள். கொடுக்க மறுப்பவரிடம் வாங்காதீர்கள். நேரில் என்றால் டிஸ்க்கை மேசைமேல் வைத்து, மேற்புறத்தின் குறுக்கே ஓர் அடிக்கோலைப் படுக்க வையுங்கள். இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் அதிகமாகத் தெரிந்தால் உப்பல். கோல் படிந்து உட்கார்ந்தால் தட்டை. உங்களுக்கு வேண்டியது தட்டை.

உங்கள் விஷயத்தில், இன்னும் கீறல் விழாமல் இருந்தால் திருப்பிக் கொடுக்கப் பாருங்கள். கோளாறு உங்கள் கையில் இல்லை.

கே: ஐந்து டிஸ்க் கொண்ட செட் வாங்கினேன், நிறம் அருமை. ஃபோர்ஹேண்டுக்கு ஒன்றும் சரிவரவில்லை. அடுத்து எந்த செட் வாங்கலாம்?

ப: எதுவும் வாங்காதீர்கள். அந்த ஐந்தின் பெயரைக்கூட எழுதவில்லை, நிறத்தை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். முதலில் அவற்றில் என்ன பொறித்திருக்கிறது என்று படியுங்கள். தொடக்கக்காரர் செட்டுகளில் பெரும்பாலும் நேராகவோ மிதந்தோ போகும் டிஸ்க்குகள்தான் வரும். பேக்ஹேண்ட் (கையை உடம்பின் குறுக்கே கொண்டுவந்து வீசுவது) பழக அவை நல்லவை, இந்த வீச்சுக்கு அல்ல. தேவை ஒரே ஒரு டிஸ்க், ஐந்து அல்ல.

கே: வீசியதும் தட்டு நடுங்குகிறது, வலப்பக்கம் வளைவதற்குப் பதில் இடப்பக்கம் புரண்டு விழுகிறது. இன்னும் ஓவர்ஸ்டேபிளாக, அதாவது புரளாமல் கடைசியில் பலமாக வளையும் டிஸ்க்காக, வாங்கினால் சரியாகுமா?

ப: கொஞ்சம் மறையும், சரியாகாது. நடுக்கத்துக்குக் காரணம், கை ஒரு தளத்தில் போக, மணிக்கட்டு இன்னொரு தளத்தில் திரும்புவது. உள்ளங்கை மேல்நோக்கியபடியே இருக்கட்டும், டிஸ்க் கையை விட்டுப் போகும்போது கையைக் கவிழ்க்காதீர்கள். முழங்கை உடம்பை ஒட்டி, பலம் பாதி. அப்புறம் ஓவர்ஸ்டேபிள் டிஸ்க் ஒன்று வைத்துக்கொள்வதில் தப்பில்லை, சின்ன நடுக்கத்தை அது தாங்கும். ஆனால் அதன் பின்னால் ஒளிந்துகொண்டால் பழக்கம் மாறாது, டிஸ்க் மட்டும் பையில் சேர்ந்துகொண்டே போகும்.

கே: "புதியது போல" என்று போட்டிருந்த பழைய டிஸ்க் வாங்கினேன். வந்த பிறகு பார்த்தால் விளிம்பு ஓரம் மெல்லிய விரிசல். விற்றவர் "பறக்கும், கவலைப்படாதீர்கள்" என்கிறார்.

ப: பறக்கும் என்பது பதிலே அல்ல. பி.டி.ஜி.ஏ. விதிப்படி விரிசல் விட்ட டிஸ்க்கைப் போட்டியில் பயன்படுத்தக் கூடாது. அதை மறைத்து விற்றிருக்கிறார். விளம்பரத்தையும் விரிசலையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, வாங்கிய இடத்தின் வழியாகவே பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தனியாகப் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று கூப்பிட்டால் போகாதீர்கள். நீங்கள் அவசரப்பட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இல்லை, விரிசலைப் படத்தில் மறைத்தால் யாராலும் பார்க்க முடியாது.

அடுத்த முறை நேரில் வாங்கினால் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, மேல்தகடும் விளிம்பும் சேரும் கோட்டை நகத்தால் தடவிக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். நகம் மாட்டும் இடத்தில் நின்று பாருங்கள்.

கே: பாதி விலைக்கு ஒருவர் தருகிறார். அடியில் வேறொருவர் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதியிருக்கிறது.

ப: வாங்காதீர்கள். அவர் தொலைத்த டிஸ்க்காக இருக்கலாம், அந்த எண்ணுக்குச் சொல்லுங்கள்.

கே: மலிவு பிளாஸ்டிக்கா, உயர்ரகமா?

ப: மலிவு பிளாஸ்டிக் கையில் நன்றாகப் பிடிக்கும், தரையில் பட்டதும் நிற்கும். ஆனால் மரத்தில் அடிபட அடிபட வளைவு குறைந்துகொண்டே வரும். உயர்ரகம் பல காலம் அப்படியே இருக்கும், ஆனால் கடினமான வகை கெட்டித் தரையில் சறுக்கும். இந்த வீச்சுக்கு என் தேர்வு உயர்ரகத்திலேயே மென்மையான வகை. வளைவும் நிலைக்கும், இறங்கிய இடத்தில் உட்காரவும் செய்யும்.

கே: எடை கூடினால் நன்றாக வளையுமா? 21.2 செ.மீ. டிஸ்க் ஒன்றை 180 கிராம் என்று விற்கிறார்கள்.

ப: ஒரே அச்சில் எடை கூடியது பொதுவாகக் காற்றைக் கொஞ்சம் நன்றாகத் தாங்கும், வித்தியாசம் பெரிதல்ல. ஆனால் அந்த 180-ஐ நம்பாதீர்கள். பி.டி.ஜி.ஏ. விதிப்படி விட்டத்தின் ஒவ்வொரு செ.மீ.க்கும் 8.3 கிராம்தான் உச்சவரம்பு. 21.2 செ.மீ.க்குக் கணக்குப் போட்டால் 176 கிராமைத் தொடாது. ஒன்று எடை பொய், அல்லது போட்டிக்கு ஆகாத டிஸ்க். சமையலறைத் தராசில் வைத்துப் பார்க்கச் சம்மதித்தால் மட்டும் மேற்கொண்டு பேசுங்கள்.