இரவில் மட்டும் படுத்துவிடும் மலிவு விபிஎஸ்: எதைச் சோதிப்பது?

வணக்கம், நானும் திருகோணமலைதான். மலிவு விபிஎஸ்ஸில் (ஒரே இயந்திரத்தைப் பலருக்குப் பிரித்து வாடகைக்குக் கொடுக்கும் சர்வர்) இருக்கும் உங்கள் உப்புவெளி விடுதி முன்பதிவுத் தளம் பகலில் நன்றாக ஓடி இரவு ஏழு மணிக்குப் பிறகு இழுக்கிறது, ஆனால் டிஸ்க்கில் எழுதிப் பார்க்கும் டிடி (dd) கட்டளையில் நொடிக்கு 1.1 ஜிபி வந்ததால் டிஸ்க்கில் பிழையில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணை நம்ப வேண்டாம். டைரக்ட் (ராமைத் தவிர்த்து நேரே டிஸ்க்குக்குப் போகச் சொல்வது) கொடுக்காமல் ஓட்டினால் அது பெரும்பாலும் ராமின் வேகம்தான். டிஸ்க்கைச் சோதிக்கும் எஃப்ஐஓ (fio) கருவியில் 4கே ரேண்டம் (சிறு துண்டுகளாக அங்கங்கே படித்து எழுதுவது), டைரக்ட்=1 வைத்து ஓட்டுங்கள், டேட்டாபேஸ் டிஸ்க்கை ஏறக்குறைய அப்படித்தான் பயன்படுத்தும்.

ஆனால் எனக்குச் சந்தேகம் சிபியு மேல்தான். தளம் இழுக்கும் நேரத்திலேயே சர்வருக்குள் போய் டாப் (top) கட்டளை அடித்து, சிபியு வரியின் கடைசியில் 'எஸ்டி' (st) என்று இருப்பதைப் பாருங்கள். உங்கள் சர்வர் கேட்டும் கிடைக்காமல் அதே இயந்திரத்தில் இருக்கும் மற்றவர்களுக்குப் போன நேரம் அது. என்னுடைய பழைய விபிஎஸ்ஸில் காலையில் 0.3 சதவீதம், இரவு எட்டு மணிக்கு 27! உங்களுக்கும் அப்படியென்றால் நீங்கள் எதைத் திருத்தினாலும் பயனில்லை, இடம் மாறுவதுதான் வழி.

அப்புறம், சர்வருக்குள்ளிருந்தே கர்ல் (curl, தளத்தின் பக்கத்தை எடுத்துப் பார்க்கும் கட்டளை) போட்டுப் பாருங்கள். அங்கே வேகமாக வந்து வீட்டில் மட்டும் இழுத்தால் வழியில்தான் பிரச்சினை, எந்த இடத்தில் என்று எம்டிஆர் (mtr, வழியைப் படிப்படியாகச் சோதிக்கும் கருவி) காட்டும். ஜெர்மனி சர்வர் என்றீர்கள், சுமார் 8,000 கிமீ, போய்வரக் குறைந்தது 80 மில்லிசெகண்ட் ஆகும். ஆனால் அது பகலிலும் அதேதான், இரவில் மட்டும் இழுப்பதற்கு அது காரணமில்லை.

இன்றிரவு எடுத்த எஸ்டி எண்ணை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.